மின்சாரத்தை மறக்காத படலம்

பரணிலிருந்து இறக்கிய பழைய டூ-இன்-ஒன் மேசைமேல் கிடந்தது. பெல்ட் உருகித் தாராக ஒட்டியிருந்தது. மோட்டார் அசையவில்லை. கேசட் கதவின் ஸ்பிரிங் எப்போதோ போய்விட்டது. பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். முகப்பில் ‘மைக்’ என்று போட்டிருந்த சிறு துளைக்குப் பின்னால், ஒரு ரப்பர் வளையத்துக்குள் பதுங்கியிருந்தது ஓர் உலோகப் பொத்தான். சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். முன்பக்கம் கறுப்புத் துணி, பின்பக்கம் இரண்டு ஈயப்புள்ளிகள். அதை வெட்டி எடுத்து, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், இரண்டு பென்சில் பேட்டரி சேர்த்து, கைக்கு அடக்கமான டிஜிட்டல் ரெக்கார்டரில் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

அடுத்த அறையில் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார்கள். அந்த ‘டக்’கும் கேட்டது. பெல்ட் போயிற்று, மோட்டார் போயிற்று. காது மட்டும் போகவில்லை.

காரணம், அந்தப் பொத்தானுக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் படலம். தொழிற்சாலையில் ஒரே ஒருமுறை அதில் ஏற்றிய மின்னூட்டம், இத்தனை வருடம் பரணில் கிடந்தும் வடிந்துபோகாமல் அங்கேயே இருக்கிறது. இதன் பெயர் எலெக்ட்ரெட் மைக். கடைகளில் ‘கண்டென்சர் மைக்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் டீயும் வடையும் சாப்பிடும் காசுக்கு ஒன்று வாங்கிவிடலாம். வீட்டில் உட்கார்ந்து ஒலியோடு விளையாட ஆசைப்படும் யாரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். இது பிறந்த கதை, பழுதைச் சரிசெய்ததோடு எழுந்து போகாத ஒரு மாணவரின் கதை.

கரியும் மெழுகும்

தொலைபேசிக்குள் பல பத்தாண்டுகள் குடியிருந்தது கரி மைக். சிறு டப்பிக்குள் கரிக்குருணை. பேசும்போது காற்றின் அழுத்தத்தில் குருணைகள் நெருங்கும், விலகும். அதற்கேற்ப மின்னோட்டம் கூடும், குறையும். விலை குறைவு, எளிதில் கெடாது. ஆனால் குரலோடு கரகரப்பும் சேர்ந்தே வரும். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது.

1916இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தைச் சேர்ந்த பொறியாளர் இ.சி. வென்டே வேறு வழி கண்டார். இரண்டு தகடுகள்: ஒன்று அசையாதது, இன்னொன்று மிருதங்கத் தோல்போல் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு. நடுவில் மயிரிழை இடைவெளி. தகடுகளில் மின்னூட்டம் நிலையாக இருக்கும்போது, ஒலி பட்டு சவ்வு அதிர்ந்தால் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் மின்னழுத்தம் மாறும். அந்த ஏற்ற இறக்கம் ஒலியின் அச்சு அசல் நகல். இதுதான் கண்டென்சர் மைக். துல்லியத்தில் அதற்கு ஈடு அன்று இல்லை.

துல்லியத்தோடு ஒரு சுமையும் வந்தது. தகடுகளில் மின்னூட்டம் நிற்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனிப் பெட்டி, கனமான கேபிள், உடன் ஒரு பெருக்கி. ஆய்வுக்கூடமும் வானொலி நிலையமும் தாங்கும் செலவு அது. வீட்டு மேசைக்கு அது வரவே இல்லை.

மின்னூட்டம் தானாகவே தங்கும் ஒரு பொருள் கிடைத்தால்? காந்தம் காந்தத்தன்மையை வைத்துக்கொள்வதுபோல மின்னூட்டத்தை வைத்துக்கொள்ளும் பொருளுக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆலிவர் ஹெவிசைடு ‘எலெக்ட்ரெட்’ என்று பெயர் சூட்டிவிட்டார். 1919இல் ஜப்பானின் மோட்டோட்டாரோ எகுச்சி அதைச் செய்தும் காட்டினார். பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகைப் பிசினோடு உருக்கி, வலுவான மின்புலத்தில் வைத்தபடியே ஆறவிட்டார். மெழுகு இறுகியபோது மின்னூட்டமும் உள்ளே சிறைப்பட்டது. ஆனால் மெழுகுக் கட்டி தடிமனானது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தாங்காது. மைக்குக்கு வேண்டியதோ மெல்லியது, நீடிப்பது. எலெக்ட்ரெட் என்ற பெயர் புத்தகத்தில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் பண்டமாக அது ஆகவில்லை.

கட்டில்மேல் நின்ற சிறுவன்

ஜேம்ஸ் வெஸ்ட் 1931 பிப்ரவரி 10ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபார்ம்வில் என்ற ஊரில், கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயது வாக்கில் ஒரு பழுதான ரேடியோ கையில் கிடைத்தது. சரிசெய்துவிட்டோம் என்று நினைத்து, கட்டிலின்மேல் ஏறி நின்று, கூரை விளக்கின் சாக்கெட்டில் அதைச் சொருகினார். மின்சாரம் அடித்துக் கை ஒட்டிக்கொண்டது. சகோதரர் தள்ளிவிட்டதால் பிழைத்தார். வேறு பிள்ளையாக இருந்தால் அன்றோடு ரேடியோவைத் தலைமுழுகியிருக்கும். இவருக்கோ, தன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டது என்ன என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

மகன் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். இயற்பியல்தான் படிப்பேன் என்று அவர் சொன்னபோது, தந்தை அவரை மூன்று கறுப்பின மனிதர்களிடம் அறிமுகப்படுத்தினார். மூவரும் வேதியியலிலும் இயற்பியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். மூவருக்கும் கிடைத்திருந்த நல்ல வேலை தபால் நிலையத்தில். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. தந்தையின் அச்சம் நியாயமானது. மகனின் பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கொரியப் போருக்குப் போய்த் திரும்பிய பிறகு, பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இயற்பியலே படித்தார்.

மாணவராக இருக்கும்போதே, ஒரு கோடை விடுமுறையில் நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு குழு, இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டை மனிதர் எவ்வளவு கண்டுகொள்கிறார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்குத் துல்லியமான ஹெட்ஃபோன் தேவைப்பட்டது. வெஸ்ட் நூலகத்தில் தேடி, ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையைக் கண்டெடுத்தார். பிளாஸ்டிக் படலத்தின்மேல் உலோகப் பூச்சு, பின்னால் ஒரு தகடு, இடையே உயர் மின்னழுத்தம் கொடுக்கும் ஒரு பேட்டரி. அதைப் பார்த்து ஹெட்ஃபோன் செய்து கொடுத்தார். அருமையாக வேலை செய்தது. விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பினார்.

சில மாதங்களில் ஆய்வுக்கூடத்திலிருந்து அழைப்பு: ஹெட்ஃபோனில் ஒலி குறைந்துவிட்டது.

பேட்டரியின் முனைகளை மாற்றிப் போட்டால் ஒலி திரும்பியது. வேலை முடிந்தது. ஆய்வுக்குழு தன் சோதனையைத் தொடரலாம். மாணவர் கல்லூரிக்குப் போகலாம். ஆனால் முனையை மாற்றினால் ஏன் சரியாக வேண்டும் என்ற கேள்வி வெஸ்ட்டை விடவில்லை. நோண்டிக்கொண்டே போனதில், பேட்டரியை முழுவதும் கழற்றிய பிறகும் ஹெட்ஃபோன் ஒலித்தது. வெளியிலிருந்து மின்னழுத்தம் இல்லை. ஆனாலும் ஒலி வருகிறது. அப்படியானால் மின்னூட்டம் படலத்துக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. அது பேட்டரிக்கு எதிராக நின்றதால் ஒலி குறைந்தது. முனையை மாற்றியதும் பேட்டரியோடு சேர்ந்துகொண்டதால் ஒலி திரும்பியது. எகுச்சி மெழுகில் சிறைப்பிடித்தது, இங்கே பிளாஸ்டிக்கில் தானாகவே அகப்பட்டுக் கிடந்தது.

ஐந்து நாள் இளையவர்

1957இல் வெஸ்ட் பெல் ஆய்வுக்கூடத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தார். 1959இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் படித்த கெர்ஹார்டு செஸ்லர் அங்கே வந்தார். செஸ்லர் பிறந்தது 1931 பிப்ரவரி 15. வெஸ்ட்டுக்கு ஐந்தே நாள் இளையவர். இருவருமாக, ஹெட்ஃபோனில் தென்பட்டதை மைக்காகத் திருப்பிப் போட்டார்கள். 1962இல் வெளி மின்னழுத்தம் வேண்டாத கண்டென்சர் மைக்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1964 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது.

முதலில் எடுத்த படலம் மைலார். அதில் மின்னூட்டம் ஏறியது. ஆனால் மெல்ல வடிந்தது. பல பிளாஸ்டிக்குகளைச் சோதித்து டெஃப்லானுக்கு வந்து சேர்ந்தார்கள். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே டெஃப்லான் குடும்பம், மின்னூட்டத்தை மட்டும் பல பத்தாண்டுகள் ஒட்ட வைத்துக்கொள்கிறது. ஈரக்காற்றுக்கும் அசைந்துகொடுப்பதில்லை. என் டூ-இன்-ஒன்னின் காது பிழைத்திருந்த ரகசியம் இது.

படலம் தரும் மின்குறி மிக நுட்பமானது. நீளமான ஒயரில் அனுப்பினால் வழியிலேயே கரைந்துபோகும். அதனால் பொத்தானுக்குள்ளேயே ஃபெட் என்ற சிறு டிரான்சிஸ்டரை வைத்தார்கள். நாம் இன்று கொடுக்கும் இரண்டு பென்சில் பேட்டரி அந்த டிரான்சிஸ்டருக்குத்தான், படலத்துக்கு அல்ல.

1968இல் சோனி நிறுவனம் இந்த மைக்கைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. சரியாக அந்தக் காலத்தில் இன்னொரு பொருளும் வளர்ந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில், பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஆட்டென்ஸ், கோட்டுப் பையில் அடங்கும் ஒரு மரக்கட்டையை அளவுக்கு வைத்துக்கொண்டு வடிவமைத்த கேசட், 1963இல் பெர்லின் கண்காட்சியில் வெளிவந்திருந்தது. தொடக்கத்தில் கேசட் ரெக்கார்டருக்கு ஒயரோடு கூடிய தனி மைக் வேண்டும். எலெக்ட்ரெட் வந்ததும் மைக் பெட்டிக்குள்ளேயே போய் அமர்ந்தது. அதன் சவ்வு இறகைவிட இலேசானது என்பதால், பக்கத்தில் சுற்றும் மோட்டாரின் நடுக்கம் அதை அதிகம் தொடுவதில்லை. ஒரே பொத்தானை அழுத்தினால் பதிவாகும் பெட்டி அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்பியதும், இங்கிருந்து அம்மாவும் பிள்ளைகளும் பதில் பேசி அனுப்பியதும் இந்தப் பெட்டிகளில்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ‘கடிதம்’ போட முடிந்தது. பின்னணியில் ஆட்டுக்கல் சத்தமும் கோழியும் சேர்ந்தே பதிவாயின.

அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த இசை நிரல்

வீட்டு ஒலிச்சோதனைக்கு மைக்கும் ரெக்கார்டரும் போதாது. பதிந்த ஒலியைப் பிரித்து மேய ஒரு நிரலும் வேண்டும். அதன் வேரும் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பொறியாளர் மேக்ஸ் மேத்யூஸ், தொலைபேசி ஆராய்ச்சிக்காக ஒலியை எண்களாக மாற்றிக்கொண்டிருந்தார். எண்ணிலிருந்து ஒலியைத் திரும்பப் பெற முடியுமென்றால், எண்ணிலிருந்தே புதிதாக இசை செய்யலாமே என்று 1957இல் ‘மியூசிக்’ என்ற நிரலை எழுதினார். ஐபிஎம் 704 கணினி அதில் 17 விநாடி இசைத்தது. அந்தச் சிறு உருப்படியை அமைத்தவர் உடன் பணியாற்றிய நியூமன் குட்மன்.

அந்த நிரலின் வம்சம் இன்றும் தழைத்திருக்கிறது. 1980களில் பாரிஸில் மில்லர் பக்கெட் எழுதிய இசை நிரலுக்கு மேத்யூஸைச் சிறப்பிக்கவே ‘மேக்ஸ்’ என்று பெயர். பக்கெட்டே 1990களில் செய்த ‘பியூர் டேட்டா’வை இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திரையில் சிறு பெட்டிகள் இருக்கும். கோடிழுத்து ஒன்றோடொன்று இணைத்தால் ஒலி ஓடும். குழாய் சொட்டும் சத்தத்தை எட்டு மடங்கு மெதுவாக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு சொட்டும் ஆழ்கிணற்றில் கல் விழுவதுபோல் இறங்கும்.

எலெக்ட்ரெட்டின் ஆட்சி நீண்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகில் தயாரான மைக்குகளில் சுமார் 90 சதவீதம் இந்த வகை. இன்று செல்போன்களில் அதன் இடத்தைப் பெரும்பாலும் சிலிக்கான் மைக் பிடித்துவிட்டது. அதற்கு 1983இல் வழிகாட்டிய இருவரில் ஒருவர், ஜெர்மனிக்குத் திரும்பி டார்ம்ஷ்டாட்டில் பேராசிரியராகிவிட்ட அதே செஸ்லர். தபால் நிலையத்தில்தான் வேலை கிடைக்கும் என்று எச்சரிக்கப்பட்ட வெஸ்ட்டுக்கு அமெரிக்கா தன் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அளித்தது.

இரைச்சல் நின்ற பிறகு

பரணிலிருந்து எடுத்த மைக்கில் எனக்கு முதலிலேயே கடிகாரம் கேட்டுவிடவில்லை. முதல் முயற்சியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும், அதன் அடியில் மங்கலான முணுமுணுப்பும்தான். இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்தேன். இரைச்சல் நின்றது, வீடு முழுக்கக் கேட்டது.

அங்கேயே பதிவைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் வெஸ்ட்டின் ஹெட்ஃபோன் நினைவுக்கு வந்தது. அவரும் முனையை மாற்றித்தானே சரிசெய்தார்? மைக்கைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு ஈயப்புள்ளிகளில் ஒன்றிலிருந்து மெல்லிய செப்புக் கோடுகள் கிளம்பி உலோகக் கூட்டைத் தொடுகின்றன. அதுதான் தரை முனை. அது தரையோடு இணைந்தால் கூடு முழுவதும் உள்ளே இருக்கும் படலத்துக்குக் கவசம். மாற்றி இணைத்தால் வீட்டு மின்கம்பிகளின் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் ஏரியல், உள்ளே டிரான்சிஸ்டரும் தலைகீழ். அந்த ஒரு மணி நேரத்தில், பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தும் பிடிபடாத ‘எர்த்’ எனக்குப் பிடிபட்டது.

இப்போது அந்தப் பொத்தான் ஜன்னல் கம்பியில், ஒரு ஸ்ட்ரா துண்டுக்குள் காற்றுக்கு மறைவாகச் சொருகியிருக்கிறது. நேற்றிரவு மழை. தகரக் கூரையில் ஒரு தாளம், வாழையிலையில் இன்னொரு தாளம், பிளாஸ்டிக் வாளியில் நிறைய நிறைய மேலேறும் சுருதி. வாளி நிறையும்போது சுருதி ஏன் ஏறுகிறது? ரெக்கார்டரை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.