மாளிகைக்காட்டு மையவாடி: கடல் அரிக்கும் கபுறுகளும் எழுதப்படாத பெயர்களும்

ஐரோப்பாவின் பழைய ஊர்களில் இறந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைக்கும் கூடங்கள் உண்டு. மயானத்தில் இடம் போதாதபோது பழைய குழிகளைத் தோண்டி எலும்புகளை அங்கு மாற்றினார்கள். பாரிஸில் 1786 முதல் நிலத்தடிச் சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டவை மட்டும் 60 இலட்சம் பேருடையவை என்கிறார்கள். எங்கள் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் அப்படியொரு கூடம் இல்லை. மையவாடியே அந்த வேலையையும் செய்கிறது.

புதிய கபுறு வெட்டும்போது பழைய எலும்பு தென்பட்டால், உடையாமல் ஒதுக்கி அதே குழியின் ஓரத்தில் மண்ணிட்டு மூடுவார்கள். முன்னவரின் உடல் முழுதாக மக்கிய பிறகே அந்த இடத்தைத் திறக்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். நட்டு வைக்கும் மீசான் கட்டைதான் அடையாளம். கட்டை உக்கிப் போனால், இடம் தெரிந்தவரின் ஞாபகம்தான் பதிவேடு.

மாளிகைக்காட்டில் அந்த மண்ணையே கடல் அரிக்கிறது. மையவாடியின் சுற்றுமதில் சரிந்து விழுந்திருக்கிறது. மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபைக்குள் வருகிறது; அடுத்துள்ள சாய்ந்தமருது கல்முனை மாநகர சபைக்குள். கரையோ 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பு. ஓரிடத்தில் மட்டும் கல் போட்டால் அரிப்பு பக்கத்து ஊருக்கு நகரும். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரை கரைந்தது அதற்குச் சாட்சி. ஆகவே கரை முழுவதற்கும் ஒரே திட்டம் வேண்டும்.

மதில் மட்டும் போதாது என்பது என் கருத்து. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அடையாளம் காண அவகாசமின்றிப் பலர் ஒன்றாக அடக்கப்பட்டார்கள். யுத்த காலத்தில் கொண்டு செல்லப்பட்டவர்களில் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் கபுறும் இல்லை, கல்லறையும் இல்லை.

மன்னார் சதொச வளவில் 2018இல் தோண்டத் தொடங்கி 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்காவில் பரிசோதித்த மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் முடிவு வந்தது. அவர்கள் யார் என்பதை அந்த முடிவு சொல்லவில்லை. மாறாக, 2021 மார்ச் முதல் கொவிட் ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட ஓட்டமாவடியில் கபுறுகளுக்கு இலக்கம் இட்டார்கள். தூரத்திலிருந்து வரும் பிள்ளை வாப்பாவின் தலைமாட்டில் நின்று துஆ கேட்க முடிகிறது.

பள்ளிவாசல் நிருவாகங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களை மையவாடிக்கு அழைத்துச் சென்று, கபுறு கபுறாகப் பெயரும் ஆண்டும் கேட்டு எழுதுங்கள். வரைபடம் கீறிப் பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். அரிப்பில் எலும்பு வெளிப்பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பொலிசுக்கு அறிவியுங்கள். நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் பார்த்த பிறகு மீள அடக்கலாம். எங்கள் மையித்துத்தான் என்று அவசரத்தில் மூடிவிட்டால், அது வேறொரு தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.