சுக்னா ஏரியும் சுகோமாஜ்ரி ஊராரும்

சண்டிகரில் பணிபுரியும் தமிழர்களுள் மாலைப்பொழுதில் சுக்னா ஏரிக்கரையில் உலாவாதார் மிகச் சிலரே. வடக்கே சிவாலிக் குன்றுகளும் அவற்றின் அடியில் விரிந்த நீர்ப்பரப்பும் சொந்த ஊரின் ஏரிக்கரையை நெஞ்சில் கொணர்ந்து நிறுத்தும். இவ்வேரி ஒரு காலத்தில் மண்மூடி அழியும் நிலையில் இருந்ததையும், அதனைக் காக்கும் வழி ஒரு சிற்றூரின் ஏழை உழவர்களிடமிருந்து பிறந்ததையும் நம்மில் பலர் அறியோம். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சுக்னா இயற்கையாய் அமைந்த ஏரியன்று. மழைக்காலத்தில் மட்டும் பெருக்கெடுக்கும் சுக்னா என்னும் காட்டாற்றின் குறுக்கே 1958-ஆம் ஆண்டில் அணையெழுப்பி உண்டாக்கப்பட்டது. இத்தகைய காட்டாறுகளை இப்பகுதி மக்கள் ‘சோ’ என்பர். ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறத்தாழ 42 சதுர கிலோமீட்டர். சிவாலிக்கின் மண்ணோ இறுகாத மண். மரமும் புல்லும் அகன்றுவிட்டால் ஒரு பெருமழையில் கரைந்தோடிவிடும். அவ்வாறே ஓடிற்று. இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே ஏரியின் கொள்ளளவில் பெரும்பகுதியை வண்டல் கவர்ந்துகொண்டது. வாரியெடுத்த இடத்தை அடுத்த மழை மீண்டும் நிரப்பியது.

வண்டல் எங்கிருந்து வருகிறது? 1970-களில் இவ்வினாவை எழுப்பி ஓடைவழியே மேலே சென்றவர், மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் நிலையத்தில் பணியாற்றிய பி.ஆர். மிஸ்ரா. அவ்வழி அவரைச் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூருக்கு இட்டுச் சென்றது. அன்று அம்பாலா மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று பஞ்சகுலா மாவட்டத்தில் உள்ளது. ஊரார் குஜ்ஜர் இனத்தவர். அவர்தம் சிறு நிலங்கள் வானம் பார்த்தவை. விளைச்சலை நம்பி வாழ இயலாமையால் ஆடு வளர்த்தனர். ஆடுகள் குன்றை மொட்டையாக்கின. மொட்டைக் குன்றின் மண் ஏரியை அடைந்தது.

குன்றில் மேய்க்கலாகாது என்று அரசு ஆணையிடலாம். பசித்த வயிறு ஆணைக்கு அடங்குமோ? நகரத்தார் படகில் உலாவுதற்காகச் சிற்றூரார் தம் ஆடுகளை இழக்க வேண்டும் என்பது எவ்வகை அறம்? மிஸ்ரா இவ்வினாவைப் புறக்கணித்தாரல்லர் என்பதே அவர்தம் சிறப்பு.

மண்ணரிப்பைத் தடுக்க 1976-இல் அங்கே ஒரு சிறு மண்ணணை கட்டப்பட்டது. மழை பொய்த்தபோது அதில் தேங்கிய நீர் வாடிய பயிர்க்கு உயிரளித்தது. குன்றைக் காத்தால் அணை தூராது, அணை தூராதிருந்தால் வயலுக்கு நீருண்டு என்பதை ஊரார் கண்கூடாகக் கண்டனர். எனினும் உடனே ஒரு பூசல் எழுந்தது. அணைநீர் சிலருடைய வயலுக்கே எட்டிற்று. மேய்ச்சலை இழப்பதோ ஊரார் அனைவரும். “எங்களுக்கு என்ன பயன்?” என்று ஏனையோர் கேட்டது நியாயமே. முடிவில், நிலமுடையார் நிலமிலார் என்னும் வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களுக்கும் நீரில் சமபங்கு என ஊரார் உடன்பட்டனர். நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறர்க்கு விற்கலாம். இதனை நடத்த ஊர்ச்சங்கம் ஒன்றும் அமைந்தது. கம்பியும் காவலரும் இன்றி, ஊராரின் ஒப்புதலே குன்றுக்கு வேலியாயிற்று. ஆடுகள் குறைந்தன, தொழுவத்தில் கட்டிவைத்துப் பேணும் எருமைகள் பெருகின. குன்றில் செழித்த பாப்பர் புல், கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் பயன்பட்டு வருவாய் ஈட்டித் தந்தது. அவ்வூரிலிருந்து ஏரிக்கு வந்த வண்டலும் பெரிதும் குறைந்தது.

இதனைக் கேட்கும் தமிழர்க்கு உத்தரமேரூர் நினைவுக்கு வருதல் இயல்பு. பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. ஏரிப் பராமரிப்பை ஊரார் பொறுப்பில் வைத்த அம்முறை நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையாரே வாரியத்தில் இடம்பெறத் தக்கவர் என்பது பொது விதி. கல்வியில் மிக்கார்க்கு மட்டும் அவ்வளவு தளர்த்தப்பட்டது. நிலமே இல்லாதார்க்கு இடமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சுகோமாஜ்ரி அவர்க்கும் நீரில் பங்களித்தது. பழம்பெருமை பேசும் நாம் இந்தப் புதுமையையும் போற்றுதல் வேண்டும்.

அச்சமபங்கு முறை நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். பின்னாளில், நீரைப் பயன்படுத்துவோர் பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. நிலமில்லாதார் விற்பதற்கிருந்த பங்கு மறைந்தது.

2020-ஆம் ஆண்டில் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றம் சுக்னா ஏரியை உயிருள்ளதொன்றாக, உரிமைகள் உடையதாக அறிவித்தது. மகிழத்தக்க செய்தியே. எனினும் ஏரியின் உயிர் கரையில் உலாவும் நம் கையில் இருப்பதைக் காட்டிலும், மேட்டு நிலத்தில் மாடு மேய்க்கும் ஒருவர் கையில் மிகுதியாக உள்ளது. அவர்க்கு அதில் ஒரு பங்கு இருக்கும்வரை ஏரியும் இருக்கும். இனி மாலையில் அக்கரையில் நடக்கும்போது, வடக்கே தெரியும் குன்றுகளை அவ்வெண்ணத்தோடு ஒருமுறை நோக்குவோமாக.