செட்டிநாட்டு நிலையப் பெயர்களும் வழிகாட்டு மரபும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி தமிழிற் புதியதன்று. 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த இரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ அத்துறைக்கு அகன்றதொரு வழியை வகுத்தது. ஆயினும், புகைவண்டி நிலையங்களும் பேருந்து நிலையங்களும் தாங்கி நிற்கும் பெயர்கள் அத்துணை ஆராயப்பட்டில. ஊர்ப்பெயர் அவ்வூரில் வாழ்வார் வாயிற் பிறப்பது. நிலையப் பலகையோ அவ்வூரை அறியாதார்க்கென எழுதப்படுவது. இவ்வேறுபாட்டைச் செட்டிநாட்டுச் சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அறியாதார்க்கு வழி கூறுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர் தமிழர். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகளாக அமைந்தமையே இதற்குச் சான்றாகும். அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு ஓர் அறிவுரை நல்குகின்றது. வழிகள் கூடும் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்பது அது. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். குறி இடுதற்குரிய இடம் வழி மயங்கும் இடமே என்பது ஒன்று. குறியின் பயன் வழி அறிந்தார்க்கன்றி, அவ்வழிக்குப் புதியராய் வருவார்க்கே உரியது என்பது மற்றொன்று.

கல்லிற் பொறித்த சான்றும் உண்டு. தருமபுரிப் பகுதியிற் கிடைத்த, 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளத்திற்கு உள்ள தொலைவை 29 காதம் என எழுத்தாற் கூறுகின்றது. அதனோடு அமையாது, பெருங்குழி இரண்டும் சிறுகுழி ஒன்பதும் அமைத்துக் குறியாலும் காட்டுகின்றது. எழுத்தறியா வழிப்போக்கனையும் அக்கல் மறந்திலது.

இனிச் செட்டிநாட்டை நோக்குவோம். திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டை வழியாக மானாமதுரை செல்லும் இருப்புப்பாதை 1930-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அப்பாதையிற் கோட்டையூர், காரைக்குடி, கல்லல் ஆகிய நிலையங்கள் தத்தம் ஊர்ப்பெயரையே பூண்டன. இரண்டு நிலையங்கள் இந்நெறியினின்றும் வேறுபட்டன. கானாடுகாத்தானுக்கு அணித்தாக உள்ள நிலையம் ‘செட்டிநாடு’ எனப்பட்டது. மரபில் 96 ஊர்களைக் கொண்டதாகச் சொல்லப்படும் ஒரு நாட்டின் பெயரை ஒரு நிலையமே தாங்கும்பொழுது, எவ்வூர்க்கு அஃது உரியது என்பது புதியோர்க்கு விளங்குவதின்று.

தேவகோட்டைக்குரிய நிலையமோ ஆங்கிலத்தில் ‘ரோடு’ என்றும், மக்கள் வழக்கில் ‘ரஸ்தா’ என்றும் அடைபெற்றது. ரஸ்தா என்பது பாதையைக் குறிக்கும் பாரசீகச் சொல். ‘ஊர் இங்கில்லை, ஊர்க்குச் செல்லும் சாலையே இங்குளது’ என்னும் செய்தி முழுவதையும் அவ்வொரு சொல் உணர்த்திற்று. மலையடிவாரத்தில் நின்று மலைமேலுள்ள ஊரைச் சுட்டும் ‘கொடைக்கானல் ரோடு’ என்பதும் இவ்வகையினதே. ஆயின், நாளடைவில் ‘தேவகோட்டை ரஸ்தா’ என்பது நிலையத்தைச் சூழ்ந்த பகுதிக்கே பெயராயிற்று. வழிச்சொல் இடப்பெயராகவே, அதன் பொருள் அறியாதார்க்கு அது சுட்டும் வழி மறைந்தது.

காரைக்குடி நகரில் ‘பழைய பேருந்து நிலையம்’, ‘புதிய பேருந்து நிலையம்’ என்னும் பெயர்கள் வழங்குகின்றன. பழமையும் புதுமையும் ஊரார் நினைவைச் சார்ந்தவை. எந்த நிலையத்திற் சென்றால் எவ்வூர்ப் பேருந்து கிடைக்கும் என்பதை அச்சொற்கள் வெளியூரார்க்கு உணர்த்தா. அந்நகரின் ‘ஐந்து விளக்கு’ என்னும் பெயரோ கண்ணுக்குப் புலனாகும் பொருளினின்று பிறந்தது. அத்தகைய பெயரே வழி வினவுவார்க்கு எளிதிற் பயன்படும்.

இவற்றால் யாம் துணிவது இது: பேருந்து நிலையங்களிலும் நெருக்கடி மிக்க நகர்ச் சந்திகளிலும் பலகை அமைப்போர், ஊரார் வழங்கும் பெயரை எழுதிய அளவில் கடன் முடிந்ததாகக் கருதுதல் பொருந்தாது. செல்லும் திசையும் சேரும் ஊரும் பெயரொடு சேர்த்து எழுதப்படல் வேண்டும். எழுத்தறியார்க்கு எண்ணும் குறியும் துணை நிற்றல் வேண்டும். வழி பிரியும் இடத்திலேயே அவை அமைதல் வேண்டும். புல் முடிந்த கூத்தனும் கல்லிற் குழி அகழ்ந்த தச்சனும் அறிந்திருந்த நெறி இதுவேயாம்.