மான் மண்டையோடும் கருவாட்டு வண்டும்

அரியூரிலோ பாகூரிலோ பழைய ஓட்டு வீடு ஒன்றின் தாழ்வாரத்தில் மான் கொம்பு மாட்டியிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். சில வீடுகளில் கொம்போடு நெற்றி எலும்பும், இன்னும் சிலவற்றில் முழு மண்டையோடுமே மரப்பலகையில் பதிக்கப்பட்டிருக்கும். குடை மாட்டவும் துண்டு மாட்டவும் அது பயன்படுகிறது என்பது வேறு செய்தி. சதையும் மூளையும் கொழுப்பும் நிறைந்திருந்த ஒரு தலை, நாற்றமின்றி, புழுவின்றி, பல்லும் உதிராமல் இத்தனை ஆண்டுகள் நிற்பது எவ்வாறு?

விடை எலும்பின் அமைப்பில் இருக்கிறது. உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். கனிமம் கடினத்தைத் தருகிறது. நார் அதை உடையாமல் பிடித்துக்கொள்கிறது. கான்கிரீட்டும் அதனுள் ஓடும் கம்பியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாள் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். கனிமம் கரைந்துபோய் எலும்பு ரப்பர் போல வளையும். இன்னொன்றைத் தணலில் நன்றாகச் சுட்டு எடுத்தால் நார் எரிந்துவிடும். ஆறியபின் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். ஆகவே, மண்டையோட்டைத் துப்புரவு செய்பவர் சதையை நீக்க வேண்டும். எலும்பின் கொலாஜனைத் தொடக்கூடாது. சதையும் புரதம், கொலாஜனும் புரதம். ஒன்றைக் கரைப்பது மற்றொன்றையும் கரைக்கப் பார்க்கும். தொல்லை எல்லாம் இங்கேதான்.

இத்தொல்லை நம் பகுதிக்குப் புதிதன்று. 1816-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு லெஷெனோ என்னும் தாவர இயலாரைப் புதுச்சேரிக்கு அனுப்பிற்று. அவர் செடிகளோடு விலங்குகளையும் திரட்டிப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் ஒன்று 1820 முதல் அறிவியல் ஏடுகளில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1818-இல் துவோசெல், தியார் என்னும் இரு இளைஞர்கள், வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் தங்கி இதே பணியைத் தொடங்கினர். துவோசெல், ஒப்பீட்டு உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் கூவியேயின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த மகன். அவர்கள் பாரிசுக்கு அனுப்பிய முதல் சரக்கில் கங்கை ஆற்று ஓங்கில் ஒன்றின் எலும்புக்கூடும் இருந்தது. பல கிளைக் கொம்புடைய பாரசிங்கா மானுக்கு 1823-இல் கூவியே துவோசெலின் பெயரையே சூட்டினார். அடுத்த ஆண்டில் அந்த இளைஞர் சென்னையில் இறந்துபோனார். அவருக்கு வயது 31.

அக்காலத்தில் கையில் இருந்த முறைகள் மிகச் சில. மண்ணில் புதைத்தால் எறும்பும் நுண்ணுயிரும் சதையைத் தின்றுவிடும். ஆனால் எலும்பில் மண்ணின் கறை ஏறும். பற்கள் உதிர்ந்து தொலையும். நீரில் ஊறப்போட்டால் பாக்டீரியாக்கள் சதையை அழுகச் செய்யும். நம் வெயிலில் சில வாரங்களில் முடிகிற இவ்வேலை ஐரோப்பியக் குளிரில் மாதக்கணக்கில் இழுக்கும். எலும்புக்கு இது நல்ல முறைதான். மூக்குக்குத்தான் சோதனை! அவசரக்காரர்கள் தலையைக் கொதிக்க வைத்தார்கள். நெடுநேரம் கொதித்தால் கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் கரையும். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப்பசையும் இதே பொருள்தான். பசை போன எலும்பு சுண்ணாம்பு போலாகிறது. மண்டையின் பொருத்துவாய்கள் விட்டுப்போகின்றன. மூக்கினுள் சுருட்டிய தாள் போல இருக்கும் மெல்லெலும்புகள் சிதைகின்றன.

கொம்பை எந்த நிலையிலும் நீரில் மூழ்க விடலாகாது. மானின் கிளைக்கொம்பு முழுதும் எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. அதன் பழுப்பு நிறம் மரத்தில் உராய்ந்து ஏறிய சாயம், கொதிநீரில் போய்விடும். கோடிக்கரையிலும் கிண்டியிலும் திரியும் இரலையின் முறுக்குக் கொம்போ வேறு வகை. உள்ளே எலும்பு முளை; மேலே நம் நகத்தின் பொருளான கெரட்டினால் ஆன உறை. அது விழுவதே இல்லை. நீரில் ஊறினால் உறை கழன்று தனியே வந்துவிடும்.

அடுத்தது வெளுப்பு. 1799-இல் இங்கிலாந்தில் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. துணியை வெளுப்பது எலும்பையும் வெளுக்கும் என்று பலர் எண்ணினர். வெளுத்தது உண்மை, கொலாஜனைத் தின்றதும் உண்மை. இவ்வாறு வெளுத்த மண்டையோடு சில ஆண்டுகளில் மாவாய் உதிரத் தொடங்கும். 1818-இல் பாரிசில் தேனார் கண்டுபிடித்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு இதற்கு ஏற்ற மருந்து. அது வெளுத்தபின் நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடும். ஆனால் அது கடைச் சரக்காகப் பல பத்தாண்டுகள் ஆயின. எலும்பின் துளைகளில் தங்கும் கொழுப்பை முதலில் ஒரு கரைப்பானால் எடுக்காவிட்டால், எத்தனை முறை வெளுத்தாலும் மஞ்சள் திரும்ப வரும். என்னைக் கேட்டால், பால் போன்ற வெண்மை மீது கொண்ட ஆசையே பல நல்ல மண்டையோடுகளைக் கெடுத்தது.

பொறுமையான வேலைக்காரனாக வந்தது ஒரு வண்டு. கருவாட்டுக் கூடையைத் துழாவினால் மயிர் அடர்ந்த சிறு புழுக்களையும் கரிய வண்டுகளையும் காண்பீர்கள். டெர்மெஸ்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அருங்காட்சியகங்களுக்கு அது பரம எதிரி. தோலையும் இறகையும் அரித்துவிடும். ஆனால் உலர்ந்த சதையை மட்டும் தின்று எலும்பை விட்டுவைக்கும் அதன் குணத்தை அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பங்கர் பயன்படுத்திக்கொண்டார். 1933-இல் ஹால், ரஸ்ஸல் என்னும் இருவர் இம்முறையை விளக்கி ஆய்வேட்டில் எழுதினர். எலியின் மண்டையோடு ஓரிரு நாளில் முடிந்துவிடும். மூக்கின் மெல்லெலும்புகள்கூட அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் எலும்பை உறைகுளிரில் வைத்து முட்டைகளைக் கொல்ல வேண்டும். இல்லையேல் வேலைக்காரன் பக்கத்து அறைக்குள் புகுந்து பாடம் செய்த பறவைகளைத் தின்னத் தொடங்குவான்.

நம் வீட்டுச் சுவர்களுக்கு மான் தலை வந்தது அறிவியலால் அன்று, வேட்டையால். 1892-இல் லண்டன் ரோலண்ட் வார்ட் கொம்பளவுகளைத் தொகுத்து நூலாக்கியபின், வேட்டைக்காரர்களின் போட்டிக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. மைசூரில் 1900-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய வான் இங்கன் தொழிற்கூடம் புலி, சிறுத்தை மட்டுமே நாற்பதாயிரத்துக்கு மேல் பாடம் செய்தது. 1999-இல் அது மூடப்பட்டது.

தோல் போர்த்திய பழைய தலை உங்கள் வீட்டில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து பெக்கூர் என்பவர், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பு ஒன்றை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டிலும் அது தோலின் உட்புறத்தில் தடவப்பட்டு வந்தது. பூச்சிமருந்துகள் பல நாளடைவில் சிதையும். ஆர்சனிக் ஒரு தனிமம், சிதைவதற்கில்லை. தாத்தா காலத்துத் தலையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். தொட்ட கையைக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு எட்டும்படி மாட்டாதீர்கள்.

புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்போமா என்றால், முடியாது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் உடைமை. கண்டெடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். பழைய கொம்புகளைப் பதிவு செய்ய 2003-இல் 180 நாள் வாய்ப்பு ஒன்று தரப்பட்டது. உரிமைச் சான்று உள்ளவற்றையும் விற்க இயலாது. மரபுரிமையாகப் பெறுபவர் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். செய்து பழக விரும்பும் மாணவர்களுக்குக் கடையில் வாங்கும் ஆட்டுத் தலை போதும். மேல்தாடையில் முன்பல் இல்லாமை முதல் அரைக்கும் பற்களின் பிறைவடிவம் வரை மானைப் போன்றதே. காட்டில் விழும் கொம்பும் வீணாவதில்லை. கால்சியமும் பாஸ்பரசும் வேண்டி முள்ளம்பன்றிகள் அதைக் கொறிக்கின்றன. சில வேளை மான்களே அதை மென்று தின்கின்றன.