ஏடிஎச்டி: வயதுவந்த பெண்களிடம்

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு, சிறுவயதிலேயே தொடங்கும் நரம்பு வளர்ச்சிக் கோளாறு. பெரும்பாலும் மரபுவழி வருவது. பெண்கள் பலருக்கு முப்பது, நாற்பது வயதைக் கடந்த பிறகே இது தெரியவருகிறது. தம் பிள்ளையை மருத்துவரிடம் காட்டும்போதுதான், அவர் கேட்கும் கேள்விகள் தமக்கும் பொருந்துவது சிலருக்குப் புரிகிறது.

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய அறிகுறிகள் உள்ளவர்களாக விவரித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுவர்கள். பின்வந்த ஆய்வுகளும் ஓரிடத்தில் உட்காராத பையன்களையே அதிகம் பார்த்தன. ஜன்னலோரம் சத்தமில்லாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமியால் ஆசிரியருக்குத் தொல்லை இல்லை. அவளை யாரும் மருத்துவரிடம் அனுப்பவில்லை. மிகைஇயக்கம் இல்லாமலும் இக்கோளாறு வரலாம் என்பதை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு ஏற்றது 1980இல்தான்.

வளர்ந்த பெண்ணிடம் இது பொறுப்பின்மைபோலத் தெரியும். மின்கட்டணத்துக்குப் பணம் இருக்கும், கடைசித் தேதியும் தெரியும். ஆனாலும் இணைப்பைத் துண்டித்த பிறகே கட்டுவார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனதில் நிற்காது. பிடித்த வேலையென்றால் சாப்பாட்டையும் மறந்து மூழ்கிவிடுவார். அதைக் காட்டியே, "மனசு வெச்சா முடியுதுல்ல?" என்று வீட்டார் கேட்பார்கள். இது அநியாயமான கேள்வி. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாததுதான் இந்தக் கோளாறே. துறுதுறுப்பு உடலில் தெரியாமல் ஓயாத எண்ண ஓட்டமாக உள்ளேயே இருக்கலாம். இதையெல்லாம் ஈடுகட்ட அலாரம், குறிப்பேடு, கண்விழிப்பு என்று அளவுக்கு மீறிப் பாடுபடுவார். வேலை எப்படியோ முடிந்துவிடுவதால் மருத்துவருக்கும் சந்தேகம் எழாது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மட்டும் சிகிச்சை நடக்கும்.

கண்டுகொள்ளாமல் விடக்கூடிய விஷயமல்ல இது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்டீபன் ஹின்ஷா குழுவினர் ஏடிஎச்டி உள்ள 140 சிறுமிகளையும் இல்லாத 88 பேரையும் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டுக்குப் பின், கவனக்குறைவும் மிகைஇயக்கமும் சேர்ந்திருந்தவர்களில் 22 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். ஏடிஎச்டி இல்லாதவர்களில் 6 விழுக்காட்டினர்.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 படி, 17 வயது நிரம்பியோரிடம் கவனக்குறைவு அறிகுறிகள் ஒன்பதில் ஐந்தோ, மிகைஇயக்க அறிகுறிகள் ஒன்பதில் ஐந்தோ இருக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். "கெட்டிக்காரி, கவனம் போதாது" என்று ஆசிரியர் எழுதிய பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லலாம். இதேபோன்ற தொல்லைகளைத் தரக்கூடிய தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது முக்கியம்.

மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்செட்டின் ஆகிய மருந்துகள் இந்தியாவில் மருத்துவர் சீட்டின்பேரில் கிடைக்கின்றன. நடத்தைசார் உளசிகிச்சையும் உதவும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும் மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் தொல்லை கூடுவதாகப் பெண்கள் பலர் சொல்கிறார்கள். அந்த நாள்களைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டலாம். கருத்தரிக்க விரும்புவோர் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.