பசியடக்கி மருந்துகள்

இலண்டன் கோலியர்ஸ் வுட்டில் எம்மவர் பலர் என்னிடம் 'நிறை குறைக்கும் ஊசி' பற்றி விசாரிப்பதால் இக்குறிப்பை எழுதுகிறேன்.

வைத்தியர் எழுதித்தரும் பசியடக்கிகளின் வரலாறு எச்சரிக்கை தருவது. பென்புளூரமின் இதய வால்வுகளைப் பாதித்ததால் 1997இல் மீளப்பெறப்பட்டது. ரிமோனபான்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008இல் ஐரோப்பாவில் இடைநிறுத்தப்பட்டது. சிபுட்ரமின் (ரெடக்டில்), இதய நோயாளரிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால், 2010இல் இங்கும் 2011இல் இந்தியாவிலும் நின்றது. ஆயினும் 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் மெலிவுக் குளிசைகளில் அது மறைவாகக் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

செமாகுளூடைட் (வீகோவி), டிர்செபடைட் (மவுன்ஜாரோ) ஆகியவை வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். உண்டபின் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹோர்மோனைப்போல் இயங்கி, 'போதும்' என்ற உணர்வை மூளைக்குத் தருகின்றன. இரைப்பை காலியாவதையும் தாமதிக்கின்றன. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். கணைய அழற்சி அரிது, வந்தால் ஆபத்து. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நிறை திரும்புகிறது.

உடற்பருமனுக்கான பொது எல்லை உடல் நிறைச் சுட்டெண் 30. தெற்காசியர்க்கு அது 27.5, குறைந்த நிறையிலேயே நமக்கு நீரிழிவு வருவதே காரணம். தேசிய சுகாதார சேவை 2025 ஜூனில் குடும்ப வைத்தியர் வழியாக மவுன்ஜாரோ வழங்கத் தொடங்கியபோதும், மற்றவர்க்கு 40 என்ற எல்லை நமக்கு 37.5 ஆகவே இருந்தது. ஆகவே உங்கள் இனப் பின்னணி வைத்தியரின் பதிவில் உள்ளதா எனப் பாருங்கள்.

இன்சுலினோ கிளிக்ளசைட் குளிசையோ எடுப்பவர்கள் இவ்வூசியுடன் கந்தசஷ்டி விரதம் இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். விரதத்துக்கு முன்பே வைத்தியரைக் கேளுங்கள்.