பதிவேட்டில் ஒரு பெயர்: போர்வீரர்களின் ஆவணப் பிழைகளும் நமக்கான பாடமும்



பொன்விழா மலர் வேலை தொடங்கியபோது, சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேடுகளைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எங்களைப் போன்ற இளையவர்களிடம் வந்தது. ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் இருப்பதை அங்கேதான் கண்டோம். சந்தா ரசீதில் ஒன்று, ஐசியில் ஒன்று, ஜனாஸா அறிவிப்பில் இன்னொன்று. ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். பழைய தாள்களில் மூவார் மாவட்டம், பிறகு லேடாங், இப்போது தங்காக். கடை இடம் மாறவில்லை, தாளில் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

சங்கச் சந்தாவில் இப்படி இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். போர்க்களத்தில் நின்ற ஒருவரின் பதிவில் இப்படி ஆனால் அவருடைய ஓய்வூதியம் போகும், மரியாதை போகும், சில நேரம் அவர் இருந்தார் என்பதற்கான அடையாளமே போய்விடும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. எங்களை எழுதத் தூண்டியது நம் சங்கக் குடும்பம் ஒன்றின் கதை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயரைக் குறிப்பிடவில்லை.

ஒரு பெரியவரின் தகரப் பெட்டி

அந்தப் பெரியவர் இளைஞராக மலாயாவுக்கு வந்து கடைப் பையனாக வேலை பார்த்தவர். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து படை திரட்டியபோது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பர்மா வரை போனார். 1945இல் பிடிபட்டு, கல்கத்தா பக்கத்து முகாம் ஒன்றில் வைக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டார். ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊரில் தங்கிவிட்டார். மகன்தான் தங்காக்கில் கடை போட்டார்.

1972 ஆகஸ்ட் 15இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. இந்திய தேசிய ராணுவத்தினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆறு மாதமாவது சிறையிலோ முகாமிலோ இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். பெரியவர் விண்ணப்பித்தார். முகாம் விடுதலைத் தாளில் இருந்த பெயரும் குடும்ப அட்டையில் இருந்த பெயரும் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. முகாமில் எழுதியவர் தகப்பனார் பெயரை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரையே தகப்பனார் பெயராக எழுதியிருந்தார். "மைதீன்" என்பதையும் தன் காதில் விழுந்த மாதிரி எழுதியிருந்தார். பெரியவர் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை. தாள்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

அவர் காலமான பின்பு, அவருடைய மனைவி பேரனிடம் சொன்ன ஒரு வார்த்தை எங்களுக்கும் வந்து சேர்ந்தது: "காசு வந்தா செலவாப் போயிரும்பா. அவுக பொய் சொல்லலேன்னு ஒரு தாள் வந்தாப் போதும்."

எதனால் இப்படி ஆனது?

ஒரு குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதே ஒரு சிக்கல். முகமது என்பதற்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டு இருக்கிறது. மைதீன், முகைதீன், மொய்தீன், முஹ்யித்தீன் எல்லாம் ஒரே பெயர்தான். ராவுத்தர், மரைக்காயர் என்ற பட்டங்களை ஒருவர் பெயரோடு சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். தமிழ்நாட்டில் தகப்பனார் பெயர் முன்னால் தலைப்பெழுத்தாக நிற்கும். இங்கே "பின்" போட்டுப் பின்னால் வரும். பிறந்த தேதியோ, "நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம்" என்று தாய் சொன்ன கணக்கு. ஹிஜ்ரி மாதத்தை ஆங்கில மாதமாக்கும்போதே சில நாட்களோ ஒரு வருடமோ நழுவிவிடும்.

மலாயாவில் அடையாள அட்டை வந்ததே 1948இல், அவசரகாலத்தில்தான். அதற்கு முன் ஊர்விட்டு ஊர் வந்தவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுவான தாள் இருந்ததில்லை. சொன்னதை எழுதினார்கள், எழுதியது நிலைத்துவிட்டது.

பெயர் பெற்றவர்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் ஆலோசகராக இருந்தவர், பிற்காலத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை உலகில் அறியப்பட்டவர் கரீம் கனி. அவருடைய பெயர் ஆங்கில நூல்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அவரைப் போன்றவரை எந்த எழுத்தில் தேடினாலும் கண்டுபிடித்துவிடலாம். கடைப் பையனாக இருந்து படைக்குப் போனவரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

இந்திய தேசிய ராணுவத்தினரின் தனிச் சிக்கல்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்கள் 40,000க்கும் மேற்பட்டோர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரும், பிறகு மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் கடைத்தெருக்களிலிருந்தும் சென்ற தமிழர்கள் உள்ளிட்ட பொதுமக்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்த குழப்பத்தில் அந்தப் படையின் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிடிபட்டவர்களைப் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு மனிதனின் சேவை முழுவதும் ஒரு நிறத்தில் அடங்கிவிட்டது. செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாடே கொந்தளித்ததால், 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை நீக்கினார். ஆனால் படையிலிருந்து நீக்கியதும் சம்பளப் பாக்கியைப் பறித்ததும் அப்படியே நின்றன. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள், தாளில் அவர்கள் விலக்கப்பட்டவர்கள். மக்கள் மனதில் இருப்பதும் தாளில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நீதிமன்றம் திறந்த கதவு

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தவர்கள் பலர் எங்கள் பெரியவரைப் போலவே ஆதாரம் இல்லாமல் நின்றார்கள். சிறைப் பதிவு இல்லை என்றால், "பதிவு கிடைக்கவில்லை" என்று அரசிடமே ஒரு சான்றிதழ் வாங்கி, உடன் இருந்த கைதிகளின் சான்றையும் சேர்த்துத் தரலாம் என்று வழி இருந்தது. ஆனால் உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இங்கே முக்கியமானவை. 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், கடைசித் தேதி தாண்டிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றது. 2001இல் குர்தியால் சிங் வழக்கில், இத்தகைய கோரிக்கைகளுக்குக் குற்ற வழக்கில் கேட்பது போன்ற ஆதாரம் கேட்கக் கூடாது, நடந்திருக்கக் கூடும் என்று நியாயமாகத் தெரிந்தால் போதும் என்றது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு முதியவரிடம் சந்தேகத்துக்கு இடமில்லாத தாள் கேட்பது நியாயம் ஆகாது என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கதவு திறந்த செய்தி எங்கள் பெரியவரின் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தகரப் பெட்டி அப்போதும் மூடியே கிடந்தது.

தளபதிக்கே நேர்ந்தது

படிக்காதவர்களுக்கும் ஏழைகளுக்கும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்திய ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங் விவகாரத்தைப் பாருங்கள். அவருடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1951 மே 10. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவராக விண்ணப்பித்தபோது நிரப்பிய படிவத்தில் 1950 என்று விழுந்துவிட்டது. ராணுவத்தின் ஒரு பிரிவு 1951 என்றும், பதவி உயர்வுகளைக் கவனிக்கும் இன்னொரு பிரிவு 1950 என்றும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. தளபதி ஆன பிறகு பிரச்சினை பெரிதாகி, 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றம் போனார். இடையில் பதவி உயர்வுகளின்போது 1950ஐ ஏற்றுக்கொண்டு எழுதிய கடிதங்கள் அவருக்கு எதிராக நின்றன. பிப்ரவரி 10இல் மனுவைத் திரும்பப் பெற்றார், மே 31இல் ஓய்வு பெற்றார். அவருடைய நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. தேதி மட்டும் மாறவில்லை.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். பிழையைக் கண்டவுடன் திருத்தக் கேட்க வேண்டும். "இப்போது எதற்கு வம்பு" என்று ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்தக் கையெழுத்தே சாட்சியாகிவிடும்.

மூலப் பதிவே போனால்?

1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து, முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் பதிவுகளில் பாதிக்கும் மேல் எரிந்தது. 1973 ஜூலை 12இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான வீரர்களின் கோப்புகள் அழிந்தன. நகல் எதுவும் இல்லை. அங்கே கைவிட்டுவிடவில்லை. சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு போன்ற துணைத் தாள்களை வைத்து ஒவ்வொருவரின் சேவையையும் மறுபடி கட்டினார்கள். பிழையைத் திருத்தக் கேட்பதற்கென்றே அந்நாட்டில் 1946 சட்டத்தின் கீழ் வாரியங்கள் இருக்கின்றன. விண்ணப்பிக்க ஒரு படிவம், கூடவே ஆதாரங்கள், அவ்வளவுதான். வீரர் இறந்துவிட்டால் குடும்பத்தார் கேட்கலாம். பெரிய தாள் போனாலும் சின்னத் தாள் காப்பாற்றும் என்பது அங்கே நிரூபணமானது.

நமக்குப் பக்கத்திலேயே

இதெல்லாம் தூரத்துக் கதை அல்ல. 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் 45ஆவது இந்தியப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்கொண்டு சிதறியது. அதில் பலர் பயிற்சியே முடியாத இளைஞர்கள். பக்ரியிலிருந்து பின்வாங்கியவர்களில் நடக்க முடியாத காயக்காரர்களை பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுச் செல்ல நேர்ந்தது. ஜனவரி 22இல் ஆஸ்திரேலியர்களும் இந்தியர்களுமாகச் சுமார் 150 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். நாம் பத்து பகாட் போகும் வழிதான் அது.

உடல் கிடைக்காத வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ளன. 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அடுத்துள்ள கல்லறைகளில் 850க்கும் மேற்பட்டவற்றில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இந்தியச் சிப்பாய் பலருக்குப் பதிவில் ஒற்றைப் பெயர்தான். அவரை இன்னாரென்று காட்டுவது தகப்பனார் பெயரும் ஊரும்தான். அந்த இரண்டும் தவறினால் ஒரே பெயருடைய பத்துப் பேரில் அவரைப் பிரிக்க முடியாது. இந்தச் சுவர்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் தானே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குடும்பத்தார் ஆதாரத்தோடு எழுதினால் பெயர்ப் பிழையைத் திருத்தும் வழியும் அங்கே இருக்கிறது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

நாங்கள் துணி வியாபாரம் செய்கிறவர்கள். கணக்குப் புத்தகத்தில் தப்பு நேர்ந்தால் பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவோம். அழித்துவிட்டு எழுதினால் அந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். ஆவணத் திருத்தமும் இப்படித்தான்.

முதலாவது, தாத்தாவோ தகப்பனாரோ ராணுவத்திலோ போலீஸிலோ ஊர்க்காவலிலோ இருந்திருந்தால், இருக்கிற தாள் அனைத்தையும் நகல் எடுத்து வையுங்கள். பிழையுள்ள தாளையும் எறியாதீர்கள். பிழை எங்கே ஆரம்பித்தது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

இரண்டாவது, ஒரே தாளில் அவருடைய எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதி, எந்தத் தாளில் எது என்று குறித்து வையுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஆணையாளர் முன் சத்தியப் பிரமாணம் எடுக்க நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. அது மட்டுமே போதாமல் போகலாம், ஆனால் விண்ணப்பத்துக்குத் தூணாக நிற்கும்.

மூன்றாவது, திருத்தம் கேட்கும்போது அந்தப் பிழை எழுதப்பட்ட காலத்துக்கு முந்தைய தாள் ஏதாவது இருந்தால் அதையே முதலில் வையுங்கள். பள்ளிச் சான்றிதழ், கப்பல் பயணத் தாள், நிக்காஹ் பதிவு எதுவானாலும் சரி. பிற்காலத் தாள் பத்தை விட முற்காலத் தாள் ஒன்று பெரிது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் அவசரம். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், யார் உடன் இருந்தார்கள் என்று கேளுங்கள். சாட்சிகள் போய்விட்டால் சட்டம் எவ்வளவு இரக்கம் காட்டினாலும் கைக்கு எதுவும் மிஞ்சாது.

கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. கொடுக்கல் வாங்கலுக்கே அப்படியென்றால், ஒரு மனிதனின் வாழ்நாளை எழுதுவதில் எவ்வளவு கவனம் வேண்டும்!

பெரியவரின் தகரப் பெட்டியைப் பேரன் சென்ற ஆண்டு ஊரிலிருந்து தங்காக்கிற்குக் கொண்டுவந்தார். முகாம் தாள், ஒரு புகைப்படம், நிக்காஹ் பதிவின் நகல், திரும்பி வந்த விண்ணப்பம் நான்கும் இருக்கின்றன. பெயர் வடிவங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து முடித்துவிட்டோம். ஓய்வூதியம் வாங்க இப்போது அவரும் இல்லை, அவருடைய மனைவியும் இல்லை. பெயரைத் திருத்தித் தரக் கேட்டு விண்ணப்பம் மட்டும் போகிறது. பதில் வந்ததும், இன்ஷா அல்லாஹ், சங்கத்தின் பதிவேட்டில் அவருடைய பெயரைச் சரியான எழுத்தில், தகப்பனார் பெயரோடும் ஊரோடும் எழுதுவோம்.